மலையின் நகர்வை அளக்கும் ரேடார்

இலங்கையில் வத்தேகமவிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் மலைப்பாதையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த எல்கடுவ போன்ற ஊர்களில், கடைத்தெருவும் பாடசாலையும் மதகும் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளும் சரிவுகளை அண்டியே நிற்பதால், அவற்றின் பராமரிப்பு அடிமண் நகர்கிறதா என்று அறிவதிலிருந்து தொடங்க வேண்டும். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே நகரும் நிலத்தைக் கண் அறியாது. சுவரில் வெடிப்பு விழுந்த பின்னரே சந்தேகம் எழுகிறது.

ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2014இல் ஏவத் தொடங்கிய சென்டினல்-1 வரிசைச் செய்மதிகள், 693 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 5.6 சென்ரிமீட்டர் அலைநீளமுள்ள ரேடார் அலைகளைச் சாய்வாக அனுப்பி, அவை திரும்பும்போது அலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பதிவு செய்கின்றன. 12 நாட்களின் பின் அதே பாதையில் மீண்டும் எடுத்த பதிவை முந்தையதோடு ஒப்பிட்டு, கட்ட வேறுபாட்டிலிருந்து நிலத்தின் நகர்வைக் கணிப்பதே ரேடார் குறுக்கீட்டளவியல். கடிகார முள் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் அதே இடத்தில் நிற்பதுபோல, தரை 2.8 சென்ரிமீட்டர் நகர்ந்தாலும் கட்டம் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுமாதலால், இடைவிடாத பதிவுகள் இன்றியமையாதவை.

பசுமையான மலைநாட்டில்தான் இம்முறை தடுமாறுகிறது. இலைகளும் கொழுந்தும் நாள்தோறும் மாறுவதால் ஒரு பதிவு மற்றொன்றோடு பொருந்துவதில்லை. சுவரும் தரையும் சேரும் மூலை, பாலத்தின் விளிம்பு, பாறை முகம் போன்றவையோ ஆண்டுக்கணக்கில் ஒரே விதமாக அலையைத் திருப்புகின்றன. இந்த நிலைத்த புள்ளிகளை மட்டும் பின்தொடரும் நுட்பத்தை மிலான் ஆய்வாளர்கள் 1990களின் இறுதியில் உருவாக்கினர். பச்சைச் சரிவில் தனித்து நிற்கும் லயன் வரிசை, தன்னைத் தாங்கும் மண்ணின் நகர்வைத் தானே அறிவிக்கும் கருவியாகிவிடுகிறது என்பது எத்துணை வியப்பு! கட்டடமே இல்லாத சரிவில், ஒன்றுக்கொன்று செங்குத்தாக மூன்று உலோகத் தகடுகளை இணைத்த, மின்சாரம் வேண்டாத எதிரொளிப்பானை நட்டால் போதும். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் செய்மதியின் 24 சென்ரிமீட்டர் அலை, இலைத்திரளை ஓரளவு ஊடுருவவும் வல்லது.

வடக்கு தெற்காகப் பறந்து பக்கவாட்டில் நோக்கும் செய்மதிக்கு, வடக்கு நோக்கியோ தெற்கு நோக்கியோ சறுக்கும் நிலம் ஏறக்குறைய புலப்படாது. பெருமழையில் திடீரெனப் பெயரும் மண்ணையும் இது முன்னறிவிக்காது. அதற்கு மழைமானியும் களஆய்வும் வேண்டும்.

சென்டினல் தரவு எவருக்கும் இலவசம். அளவையைப் பெறுவதைவிட, அதன்படி நடப்பதே அரிதாக உள்ளது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் புதைந்த லயன்களின் அபாயம் முன்னரே அறியப்பட்டதுதான். 2023 ஜனவரியில் இந்தியாவின் ஜோஷிமட் மலைநகரம் 12 நாட்களில் 5.4 சென்ரிமீட்டர் அமிழ்ந்ததை இஸ்ரோவின் மையம் வெளியிட்டபோது, அவ்வறிக்கை சில நாட்களிலேயே இணையத்திலிருந்து அகற்றப்பட்டது. இலங்கையிலோ, 2018ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் வரை பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளில் பணம் செலவிடவே சட்டத்தடை இருந்தது. அத்தடை நீங்கிவிட்டதால், லயன்களும் தோட்டப் பாதைகளும் நகர்வு வரைபடத்தில் இடம்பெற வேண்டும். அவ்வரைபடம் சிங்களத்திலும் தமிழிலும், அங்கே குடியிருப்பவர் வாசிக்கக்கூடிய அறிவித்தற் பலகையில் ஒட்டப்பட வேண்டும்.