தரிசுக்கு இல்லாத தீர்வை

சென்ற மாதம் பழைய தகரப் பெட்டி ஒன்றை ஒழுங்குபடுத்தியபோது என் தந்தையின் கிஸ்தி ரசீதுகள் சில கிடைத்தன. குன்னம் வட்டத்தில் உள்ள எங்கள் ஊரில் அவருக்கு ஏழு ஏக்கர் மானாவாரிக் கரிசல் இருந்தது. ரசீதுகளில் உள்ள தொகை இன்றைக்கு ஒரு தேநீருக்குக்கூடப் போதாது. ஆனால் மணியக்காரர் கிஸ்திக்கு ஆளனுப்பும் நாள்களில் வீட்டில் நிலவிய அமைதி எனக்கு நினைவிருக்கிறது. அப்போது எனக்கு ஐந்தாறு வயதிருக்கும். ஒருமுறை விதைக்கு வைத்திருந்த கம்பையே விற்றுத் தீர்வை கட்டினார்கள்.

அந்த ஏழு ஏக்கருக்குப் பக்கத்தில் என் பெரியப்பா மகனுக்கு நான்கு ஏக்கர். ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்கு முன் அவர் அதை விற்றார். வாங்கியவர் யார் என்பது அவருக்கே சரியாகத் தெரியாது. தரகர் வந்தார், பத்திரம் முடிந்தது. இன்று அந்த நிலத்தில் மஞ்சள் வண்ணம் மங்கிய மனைக்கற்கள் நிற்கின்றன. கற்களுக்கு இடையே சீமைக் கருவேலம் ஆளுயரம் வளர்ந்திருக்கிறது. வீடும் வரவில்லை, விதைப்பும் இல்லை. "தம்பி, நான் வித்த காசுல இன்னிக்கு அதுல ரெண்டு மனை வாங்க முடியாது" என்று அண்ணன் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உழுதவன் விதைக் கம்பை விற்று வரி கட்டிய மண்ணில், உழாதவர் எதையும் கட்டாமல் பதினைந்து ஆண்டுகள் காத்திருக்க முடிகிறது. இது எப்படி நேர்ந்தது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்னை மாகாணத்தின் ரயத்துவாரி முறை 1792-க்குப் பின் பாராமகாலில் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் தொடங்கி வைத்தது. 1864-க்குப் பிறகு நிகர விளைச்சலில் பாதி அரசுக்கு என்பது விதியாக இருந்தது. அதன் கொடுமையைப் பற்றி நம் வரலாற்றாசிரியர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த முறையில் இருந்த ஒரு கூறு இப்போது மறந்துபோய்விட்டது. தீர்வை விளைச்சலின்மேல் அல்ல, நிலத்தின்மேல் விதிக்கப்பட்டது. மண்ணின் தரத்தை வைத்து ஏக்கருக்கு இவ்வளவு என்று நிர்ணயித்தார்கள். பட்டாதாரர் விதைத்தாலும் தரிசாகப் போட்டாலும் அதைக் கட்ட வேண்டும். கட்ட முடியாவிட்டால் நிலத்தை அரசிடம் விட்டுக்கொடுத்துவிடலாம். வேறொருவர் தர்காஸ்து போட்டுப் பெற்றுக்கொள்வார். அதாவது, நிலத்தைச் சும்மா வைத்திருப்பதற்கு ஒரு விலை இருந்தது.

சுதந்திர இந்தியா அந்தச் சுமையைக் குறைத்தது. அது சரியான முடிவு. வானம் பார்த்த பூமியில் ஏழு ஏக்கர் வைத்திருந்தவரிடம் கிஸ்தி வசூலிப்பதில் நீதி இல்லை. தீர்வை உயர்த்தப்படாமல் நின்றது. பணவீக்கம் அதைக் கரைத்தது. சலுகைகள் மிச்சத்தையும் துடைத்தன. இன்று மாநில வருவாயில் நிலவரி என்பது கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி மட்டுமே. ஆனால் சலுகை தரும்போது ஒரு பிழை நேர்ந்தது. உழவருக்கு நீக்கிய சுமை, நிலத்தைப் பதுக்குபவருக்கும் சேர்த்தே நீங்கிவிட்டது. இருவரையும் பிரித்துப் பார்க்கும் ஏற்பாட்டை யாரும் செய்யவில்லை.

செய்யச் சொன்னவர்கள் இருந்தார்கள். 1972-இல் பேராசிரியர் கே.என்.ராஜ் தலைமையில் மத்திய அரசு அமைத்த குழு, வேளாண் செல்வத்தின் மீதும் வருமானத்தின் மீதும் வரி விதிப்பது பற்றி ஆராய்ந்தது. குடும்பத்தை ஓர் அலகாகக் கொண்டு, வட்டாரத்துக்கும் பயிருக்கும் ஏற்ப நிலத்தின் வருவாய்த் திறனைக் கணித்து, பெரிய உடைமைகளுக்கு ஏறுமுகமாக வரி விதிக்கும் 'வேளாண் உடைமை வரி'யை அது பரிந்துரைத்தது. நான் மாணவனாக இருந்தபோது அந்த அறிக்கை வகுப்பறைகளில் சூடாக விவாதிக்கப்பட்டது. மாநிலங்கள் அதை ஏற்கவில்லை. பின்னர் நான் ஆசிரியராகி அதையே பாடமாக நடத்தினேன். ஓய்வு பெறும்போதும் அது பாடமாகத்தான் இருந்தது.

இப்போதைய நிலையைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் நிலத்தை வாங்கும்போது 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் கட்ட வேண்டும். வீடு கட்ட ஒரு மனை வாங்கும் ஆசிரியருக்கும் இதே விகிதம்தான். 2017-இல் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்த அரசு, பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக்கியது. 2023-இல் மதிப்பைப் பழைய நிலைக்கு உயர்த்திக் கட்டணத்தை 2 சதவீதமாக்கியது. எப்படி மாற்றினாலும் வரி கைமாறும் ஒரு நாளின்மேல்தான் விழுகிறது. கைமாறாத ஆண்டுகளுக்கு வரி இல்லை. ஆகவே வாங்கியவர் விற்காமல் காத்திருப்பதே லாபம் என்றாகிறது. விற்கும்போதும் பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை என்றாகிறது.

லாபத்தின்மேல் வரி உண்டே என்று கேட்கலாம். வருமான வரிச் சட்டத்தின்படி ஊரகப் பகுதியில் உள்ள விவசாய நிலம் 'மூலதனச் சொத்து' அல்ல. 10,000-க்கு மேல் ஒரு லட்சம் வரை மக்கள்தொகை கொண்ட நகராட்சி என்றால், அதன் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டர் தாண்டினால் போதும். ஒரு லட்சத்திலிருந்து பத்து லட்சம் வரை என்றால் 6 கிலோமீட்டர். அதற்கு மேல் 8 கிலோமீட்டர். பெரம்பலூர் நகராட்சி முதல் வகையைச் சேர்ந்தது. அத்தகைய எல்லைகளுக்கு அப்பால் விவசாய நிலமாக வாங்கி விவசாய நிலமாகவே விற்றால், ஏக்கர் ஐந்து லட்சத்துக்கு வாங்கி ஐம்பது லட்சத்துக்கு விற்றாலும் மூலதன ஆதாய வரி ஒரு ரூபாயும் இல்லை. என் ஓய்வூதியத்தில் வரி பிடித்த பிறகுதான் மீதம் கைக்கு வருகிறது. எங்கள் ஊர் மளிகைக் கடையில் சோப்பு வாங்கும் கூலித் தொழிலாளியும் சரக்கு - சேவை வரி கட்டுகிறார். காலி நகர்ப்புற நிலத்தின் மீதாவது செல்வ வரி இருந்தது. 2015-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அந்த வரியும் ஒழிக்கப்பட்டது.

நிலத்தின் விலை ஏன் ஏறுகிறது? வைத்திருப்பவர் ஏதும் செய்ததால் அல்ல. திருச்சி - சென்னை தேசிய நெடுஞ்சாலை நான்குவழிச் சாலையானபோது அதன் இருபுறமும் உள்ள நிலத்தின் மதிப்பு உயர்ந்தது. சாலைக்கான பணம் பொதுமக்களுடையது. இதைத்தான் ஹென்றி ஜார்ஜ் 1879-இல் நூலாக எழுதினார். அதற்கு முன்பே 1817-இல் ரிக்கார்டோ வேறொன்றை விளக்கியிருந்தார்: நில வாடகையின் மீதான வரியை நிலவுடைமையாளர் பிறர்மீது தள்ளிவிட முடியாது. ஏனெனில் வரி போட்டாலும் நிலம் குறையாது, போடாவிட்டாலும் கூடாது. சோப்பின் மீதான வரிக்கும் நிலத்தின் மீதான வரிக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுதான்.

இனிக் குன்னத்துக்கே வருகிறேன். 2005-இல் சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து தமிழ்நாடு தொழில் வளர்ச்சி நிறுவனமும் ஜி.வி.கே. குழுமமும் இணைந்து பெரம்பலூர் மாவட்டத்தில் ஒரு மண்டலம் அமைக்கத் திட்டமிட்டன. திருமாந்துறை, பெண்ணகோணம், எறையூர் உள்ளிட்ட பகுதிகளில் ஏறத்தாழ 3,000 ஏக்கர் நிலம் திரட்டப்பட்டது. மண்டலம் உருவாகவில்லை. நிலத்தைத் திருப்பித் தாருங்கள் என்று விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் மனுக் கொடுத்துவருகிறார்கள். இது பெரம்பலூருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இந்தியத் தணிக்கைத் துறை 2014-இல் அளித்த அறிக்கையின்படி, நாடெங்கும் சிறப்பு மண்டலங்களுக்காக அறிவிக்கை செய்யப்பட்ட 45,635 ஹெக்டேரில் 28,488 ஹெக்டேரில் மட்டுமே செயல்பாடு தொடங்கியிருந்தது.

தொழில் வரக் கூடாது என்பதல்ல என் வாதம். மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விலை சரியும் ஆண்டுகளில் எங்கள் பகுதி இளைஞர்கள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போகிறார்கள். இங்கே வேலை கிடைத்தால் இருப்பார்கள். எறையூரில் சிப்காட் தொழிற்பூங்காவுக்கு 2022 நவம்பரில் முதல்வர் அடிக்கல் நாட்டினார். காலணித் தொழிலுக்கென அமைந்த அந்தப் பூங்காவுக்கு வேண்டியிருந்தது சில நூறு ஏக்கர்தான். தேவை நூறுகளில் இருக்கும்போது ஆயிரங்களில் நிலம் சேர்ப்பதற்குக் காரணம், சேர்த்து வைப்பதில் செலவு இல்லை என்பதே.

ஒரு கற்பனைக் கணக்கு: 3,000 ஏக்கருக்கு ஏக்கர் பத்து லட்சம் என்று மதிப்பு வைத்துக்கொண்டால் 300 கோடி ரூபாய். அதற்கு ஆண்டுக்கு ஒரு சதவீத வரி இருந்தால் 3 கோடி. பதினைந்து ஆண்டுகளில் 45 கோடி. இந்தத் தொகை தெரிந்தால் எந்த நிறுவனமும் இரண்டாம் ஆண்டே உட்கார்ந்து யோசிக்கும்: ஆலை கட்டுவதா, விற்பதா, முதலிலேயே குறைவாக வாங்கியிருக்கலாமா?

நமக்குச் சட்டங்களுக்குப் பஞ்சமில்லை. 1961-ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டம் குடும்பத்துக்கு 30 தரநிலை ஏக்கர் என்றது; 1970-இல் அது 15 ஆனது. ஆனால் தொழில், வணிக நோக்கத்துக்கு அரசின் அனுமதியோடு அதிகம் வைத்திருக்கலாம் என்ற வாசலும் அதே சட்டத்தில் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் 101-ஆம் பிரிவு, ஐந்தாண்டுகள் பயன்படுத்தாத நிலத்தை உரியவரிடமோ அரசின் நில வங்கியிடமோ திருப்ப வேண்டும் என்கிறது. அது அந்தச் சட்டத்தின் கீழ் எடுத்த நிலத்துக்குத்தான். தனியார் பேரம் பேசி வாங்கிய நிலத்தைத் தொடாது. தமிழ்நாடோ தன் 1997-ஆம் ஆண்டுத் தொழில் நோக்க நிலம் கையகப்படுத்தல் சட்டத்துக்கு மத்தியச் சட்டத்திலிருந்து விலக்குப் பெற்றது. உயர் நீதிமன்றம் 2019-இல் அதைச் செல்லாது என்றபின் புதிய சட்டம் இயற்றி மீட்டது. 2021-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. பக்கத்து அரியலூர் மாவட்டத்தில், ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரி மின்திட்டத்துக்காக 1990-களில் எடுத்த ஆயிரக்கணக்கான ஏக்கரைத் திருப்பித் தர அரசு முடிவெடுக்கக் கால் நூற்றாண்டு பிடித்தது. எங்கள் விவசாயிகளுக்கு அவ்வளவு ஆயுள் இருக்க வேண்டுமே!

மனைப்பிரிவுகளின் கதையும் இப்படித்தான். விளைநிலத்தை அனுமதியின்றி மனையாக்கிப் பதிவதற்கு 2016-இல் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. மறு ஆண்டே வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன; கட்டணம் செலுத்தினால் பழைய மனைகள் முறையானவையாகிவிடும். தடையால் முடியாததை ஆண்டுதோறும் வரும் வரிச்சீட்டு செய்யும் என்பது என் நம்பிக்கை.

பிற நாடுகள் இதைச் செய்து பார்த்திருக்கின்றன. 1898-இல் சீனாவின் கியாவ்சௌ குத்தகைப் பகுதியில் ஜெர்மானிய நிர்வாகம், நிலச் சூதாட்டம் துறைமுக வளர்ச்சியைக் கெடுத்துவிடும் என்று அஞ்சி, நில மதிப்பில் ஆண்டுக்கு 6 சதவீத வரியும் விற்கும்போது உயர்ந்த மதிப்பில் மூன்றில் ஒரு பங்கும் விதித்தது. அதை வியந்து பாராட்டியவர் சன் யாட் சென். தைவானில் இன்றும் நில மதிப்பு வரியும் மதிப்புயர்வு வரியும் உண்டு. பிரேசிலின் அனுபவம் நமக்கு எச்சரிக்கை. 5,000 ஹெக்டேருக்கு மேல் வைத்துக்கொண்டு மிகக் குறைவாகவே பயன்படுத்துபவருக்கு 20 சதவீதம் வரை வரி என்று அந்த நாட்டின் 1996-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ஆனால் மதிப்பையும் பயன்பாட்டையும் உடைமையாளரே அறிவிக்கலாம்! வசூல் எப்படி இருக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

ஆகவே என் யோசனை சிக்கலானதல்ல. குடும்பத்துக்குப் பத்து ஏக்கர் வரை எந்த வரியும் வேண்டாம். மழை பொய்த்துத் தரிசானாலும் வேண்டாம். சிறு, குறு விவசாயிகள் அனைவரும் இதில் விலக்குப் பெற்றுவிடுவார்கள். அதற்கு மேற்பட்ட உடைமைக்கு வழிகாட்டி மதிப்பில் அரை சதவீதம். நிறுவனங்களின் பெயரிலும் மனைப்பிரிவாகவும் உள்ள நிலம் தொடர்ந்து ஐந்தாண்டுகள் பயன்பாடின்றிக் கிடந்தால் விகிதம் ஆண்டுதோறும் ஏறட்டும். வசூலில் பாதி அந்தந்த ஊராட்சிக்கே போகட்டும். ஈடாக, முத்திரைத் தீர்வையைப் படிப்படியாகக் குறைக்கலாம். குடியிருக்க மனை வாங்குபவர் பிழைப்பார். அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 49-ஆவது இனம், நிலம், கட்டடம் மீதான வரியை மாநிலத்துக்கே தந்திருக்கிறது. தில்லியிடம் கேட்க வேண்டியதில்லை.

எதிர்ப்புகள் வரும். உடைமையைப் பத்துப் பெயர்களில் பிரித்துக்கொள்வார்கள் என்பது முதல் எதிர்ப்பு. உச்சவரம்புச் சட்டத்தை அப்படித்தான் தோற்கடித்தார்கள். ஆனால் அன்று பதிவேடுகள் கர்ணத்தின் வீட்டில் இருந்தன. இன்று பட்டா கணினியில் இருக்கிறது, விற்பவர் வாங்குபவர் நிரந்தரக் கணக்கு எண் பதிவாகிறது. முழுமையாகத் தடுக்க முடியாது, பெரும்பகுதியைத் தடுக்கலாம். வழிகாட்டி மதிப்பு பல இடங்களில் உண்மைக்குப் பொருந்தவில்லை என்பது இரண்டாவது. அது உண்மை. ஆண்டுதோறும் வரி கட்ட வேண்டும் என்றாகிவிட்டால் அதைச் சரிசெய்யும் கட்டாயமும் வரும். சட்டமன்றத்தில் இதற்குக் கை தூக்கப்போவது யார் என்பது மூன்றாவது. நிலம் வைத்திருப்போர் எல்லாக் கட்சிகளிலும் இருக்கிறார்கள். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஒரு செய்தியை மட்டும் சேர்க்கிறேன். இதற்காகப் புதிதாகக் கணக்கெடுப்பு நடத்த வேண்டியதில்லை. ஒவ்வொரு பசலி ஆண்டும் கிராம நிர்வாக அலுவலர் அடங்கலில் புல எண் வாரியாகப் பயிரை எழுதுகிறார். பயிரில்லாத இடத்தில் 'தரிசு' என்று எழுதுகிறார். ஜமாபந்தியில் அந்தக் கணக்கு சரிபார்க்கப்பட்டுக் கையெழுத்தாகிறது. அடுத்த ஜமாபந்தியின்போது, ஐந்தாண்டுகளுக்கு மேல் 'தரிசு' என்று எழுதப்பட்ட புல எண்களில் பத்து ஏக்கருக்கு மேற்பட்ட உடைமைகளை மட்டும் தொகுத்து, வட்ட அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். குன்னத்திலிருந்தே தொடங்கலாம்.