மைனஸ் 17 டிகிரியில் சைக்கிள் ஓட்டும் ஊர்

பின்லாந்தின் வட பகுதியில், ஆர்க்டிக் வட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது ஓலு நகரம். மக்கள்தொகை 2 லட்சத்துக்குச் சற்று அதிகம். டிசம்பர் கடைசியில் அங்கே பகல் 4 மணி நேரம்கூட நீடிக்காது. அந்த ஊரின் மெட்சோகாங்காஸ் பள்ளியில், மைனஸ் 17 டிகிரி குளிரடித்த ஒரு நாளில், 1,200 மாணவர்களில் சுமார் 1,000 பேர் சைக்கிளில் வந்திருந்தார்கள். பனி மூடிய சைக்கிள்கள் வரிசை வரிசையாக நின்ற படம் சில ஆண்டுகளுக்கு முன் உலகெங்கும் பரவியது.

பார்த்தவர்கள் பலரும் அந்தப் பிள்ளைகளின் துணிச்சலைப் பாராட்டினார்கள். பாராட்ட வேண்டியது நகராட்சியை. அதே குளிர் அடிக்கும் எத்தனையோ வட நாட்டு நகரங்களில் நவம்பர் வந்தால் சைக்கிள் பரணுக்குப் போய்விடுகிறது. ஓலுவில் போகவில்லை என்றால், அதற்குக் காரணம் பாதை.

1970களிலேயே நகரத் திட்டத்தில் சைக்கிளுக்குத் தனி வழி ஒதுக்கத் தொடங்கினார்கள். இன்று அந்தப் பாதைகளின் நீளம் 800 கி.மீ.க்கும் மேல். பெருஞ்சாலை குறுக்கிடும் இடங்களில் 300க்கும் மேற்பட்ட சுரங்கவழிகள் இருக்கின்றன. பிள்ளைகள் கார்களைச் சந்திக்காமலே பள்ளிக்குப் போய்விடலாம். இரவு பனி கொட்டினால் முக்கியமான சைக்கிள் பாதைகளில் காலை 7 மணிக்குள் பனி தள்ளும் வண்டி ஓடி முடித்திருக்க வேண்டும். கார் சாலையைச் சுத்தம் செய்துவிட்டு, அந்தப் பனியைச் சைக்கிள் பாதையில் குவிக்கும் ஊர்களில் ஒருமுறை நின்று பார்த்தால் இந்த 7 மணிக் கெடுவின் அருமை புரியும்.

அதைவிட முக்கியம், அவர்கள் பனியை முழுக்கச் சுரண்டுவதில்லை, உப்பும் போடுவதில்லை. மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண உப்பு பெரிதாக வேலை செய்யாது. அதைவிடக் குறைந்த குளிரிலோ பனியைப் பாதி கரைத்துச் சேறாக்கிவிடும். அந்தச் சேற்றில் டயர் வழுக்கும், செயின் துருப்பிடிக்கும், இரவில் அது மறுபடி உறைந்து மேடுபள்ளமான பனிக்கட்டியாகும். அதனால் ஓலுவில் மெல்லிய ஓர் அடுக்குப் பனியை விட்டுவைத்து, பல் வைத்த தகட்டால் வரிவரியாகக் கீறி, தேவையான இடத்தில் பொடிக்கல் தூவுகிறார்கள். கடுங்குளிரில் அது களத்துமேட்டுத் தரை போல இறுகிவிடும். பலர் அதில் சாதாரண டயரிலேயே ஓட்டுகிறார்கள். உறைந்து கண்ணாடியான தரைக்குத்தான் ஆணி டயர் வேண்டும். டங்ஸ்டன் கார்பைடு முனைகள் பதித்த அந்த டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் பிடிமானம் இன்னும் கூடும்.

சைக்கிளையும் குளிர் பாதிக்கும். ஃப்ரீவீலுக்குள் ஸ்பிரிங் தள்ளும் சின்னக் கொக்கிகள் இருக்கின்றன; மிதிக்கும்போது பல்லில் மாட்டிக்கொண்டு சக்கரத்தைச் சுற்ற வைப்பவை அவையே. உள்ளே இருக்கும் கிரீஸ் இறுகினாலோ, புகுந்த ஈரம் உறைந்தாலோ, கொக்கி எழும்பாது. பெடல் சும்மா சுற்றும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். ஈரச் சைக்கிளைக் கதகதப்பான வீட்டுக்குள் வைத்து, காயுமுன் வெளியே எடுப்பவர்களுக்கு இது அடிக்கடி நேரும். குளிரிலும் இளகியே இருக்கும் எண்ணெய் போடுவதும், வண்டியைக் கூரைக்கடியில் வெளியிலேயே விடுவதும் நல்லது.

உடம்பு விஷயம் அவ்வளவு சிக்கலில்லை. மைனஸ் 15 டிகிரியில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போனால், எதிர்காற்றால் மைனஸ் 24 போல உறைக்கும். விரலும் காதும்தான் முதலில் மரத்துப்போகும், அவற்றை மூடிவிட வேண்டும். உடம்புக்குக் கனத்த கோட்டு வேண்டாம். மிதிக்க மிதிக்க வியர்க்கும், பருத்தி அந்த ஈரத்தைப் பிடித்துவைத்து நடுக்கும். கிளம்பும்போது லேசாகக் குளிர்ந்தால் உடுத்தியது சரி.

இத்தனைக்கும் அங்கே சைக்கிள்காரர்கள் பயப்படுவது நடுக்குளிர்காலத்துக்கு அல்ல. வெப்பநிலை பூஜ்ஜியத்தைச் சுற்றி ஏறி இறங்கும் நாட்களில்தான் பகலில் உருகியது இரவில் கண்ணாடியாகிறது. வசந்தத்தில் பனி போன பிறகும், குளிர்காலம் முழுக்கத் தூவிய பொடிக்கல் பாதையில் கிடக்கும். அதைக் கூட்டி அள்ளும் வரை பஞ்சர் ஒட்டும் வேலையும் ஓயாது.