நகரத்துக் குப்பையும் கமக்காரரின் பசளையும்

சந்தையில் எஞ்சும் கோவா இலையும் அழுகிய தக்காளியும் உங்கள் தோட்டத்து மண்ணின் வளத்தைக் கொண்டு சென்றவையாகும். அவற்றைக் குப்பை மேட்டிற் கொட்டினால் ஊருக்குத் துர்நாற்றமும் ஈயுமே மிஞ்சும், மண்ணுக்கோ நட்டம். அவ்வளத்தை மீட்பது உள்ளூராட்சி மன்றம் தனித்து ஆற்றக்கூடிய பணியன்று.

மாத்தளையில் 2007 ஆம் ஆண்டில் மாநகர சபையும் செவனத்த என்னும் தொண்டு நிறுவனமும் ஆசிய பசுபிக் பிராந்தியத்துக்கான ஐக்கிய நாடுகள் ஆணைக்குழுவின் ஆதரவுடன் கூட்டெரு நிலையமொன்றைத் தொடக்கின. டாக்காவில் 1995 இல் நிறுவப்பட்ட வேஸ்ட் கொன்சேர்ன் தொழில்நுட்ப அறிவை உதவிற்று. 2008 இல் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் பிலிசரு திட்டம் வேறு பல மன்றங்களுக்கும் இவ்வழியைத் திறந்தது.

ஈரமும் காற்றும் அளவாகக் கிடைக்கும் குவியல் 55 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பமடையும். அவ்வெப்பம் சில நாள்கள் நீடிப்பின் களை விதைகளும் நோய்க்கிருமிகளும் பெரும்பாலும் அழியும். ஆயினும் உடைந்த கண்ணாடியையும் மின்கலத்தின் ஈயத்தையும் வெப்பம் அகற்றாது. ஆகவே வீட்டிலேயே குப்பையைத் தரம்பிரித்தல் இன்றியமையாதது. வெறுங்காலுடன் சேற்றில் இறங்குவோர் இதன் அருமையை நன்கறிவர்.

கூட்டெருவை வாங்குமுன் ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். கரும்பழுப்பு நிறமும் மண்வாசனையும் இருத்தல் வேண்டும், சூடு இருத்தலாகாது. முதிராத எரு மண்ணிலுள்ள நைதரசனைக் கவர்வதால் நாற்றுக்கள் மஞ்சளாகும். நடைமுறையிலுள்ள இலங்கைக் கட்டளைக்கு இணங்கியதா எனவும் வினவுங்கள்.

கமக்காரர்களே! சபை குப்பையைச் சேர்க்கலாம், நிறுவனம் வழிகாட்டலாம். நல்ல எருவைக் கேட்டு வாங்குவோர் இன்றேல் நிலையம் நிலைக்காது. அக்கூட்டில் நீங்களும் ஒரு பங்காளர்.