நிலாவரையும் தலைவர்களின் வினாவும்

தலைவன் என்பவன் விடையளிப்பவன் என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். மேடையேறுபவர் எதையும் அறியாதவர்போலத் தோன்றலாகாது என்பது நம் சபை வழக்கு. பவணந்தி முனிவரோ நன்னூலில் வினாவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என ஆறாக வகுத்தார். இவற்றுள் நம் தலைவர்கள் செவ்வையாகக் கையாள்வன இரண்டே. விடையைத் தம்மிடம் வைத்துக்கொண்டு பிறரைச் சோதிப்பது ஒன்று. இதில் ஆசிரியர்களை வெல்வாரில்லை. கட்டளைக்கு வினாவின் உடை உடுத்தி அனுப்புவது மற்றொன்று. "எல்லோருக்கும் சம்மதந்தானே?" என்று சங்கத் தலைவர் கேட்குங்கால், அவர் உண்மையில் நம் சம்மதத்தையா வினவுகிறார்?

அருகிப்போனது அறியாவினா. தெரியாததைத் தெரியாதென ஏற்று, தெரிந்துகொள்ளும் பொருட்டே கேட்பது அது. அதன் அருமையை அறிய நாம் தூரதேசம் போகவேண்டியதில்லை. புத்தூருக்கு அண்மையில், நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணற்றடிக்குப் போனாற் போதும்.

இராமபிரான் தம் சேனையின் தாகந்தீர்க்க அம்பெய்து தோற்றுவித்த கிணறு இது என்பது ஊரார் வழிவழியாகச் சொல்லும் கதை. அடியே இல்லாத கிணறு என்போரும் உளர். 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற், 1859இல் வெளியான தம் நூலில் இக்கிணற்றைப் பற்றி எழுதினார். இதன் நீர் நாளுக்கு இருமுறை சில அங்குலம் ஏறி இறங்குவதை அவர் அந்நூலிற் குறித்தார். வரிக்கணக்கோடு நில்லாமல் ஓர் அதிகாரி கிணற்றையும் விசாரித்தது நமக்கு இலாபமே.

மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். வற்றாத இந்நீரைக் கண்டவர் மனத்தில் முதலில் எழுவது, "எவ்வளவு இறைக்கலாம்?" என்னும் வினா. தவறான வினாவன்று, ஆனால் அதற்கு முன்பு கேட்கவேண்டிய ஒன்று உண்டு. இந்த நீர் எங்கிருந்து வருகிறது? எதன்மீது தங்கி நிற்கிறது?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரிமழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளாலே கீழிறங்கி, கடலிலிருந்து உட்புகுந்த கனத்த உவர்நீரின்மேல் மிதக்கிறது. அம்மழையே நம் கிணறுகளின் முதல். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுந் தறுவாயில் ஒல்லாந்தரான கைபனும் ஜேர்மானியரான ஹெர்ஸ்பர்க்கும் தனித்தனியே ஒரு கணக்கைக் கண்டனர். கடல்மட்டத்திற்கு மேலே நன்னீர் ஓர் அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். இதைத் திருப்பிப் பாருங்கள். மேலே ஓர் அடி குறைந்து அவ்வாறே நீடித்தால், கீழிருந்து உவர் 40 அடி ஏறிவரும்! கிணற்றுள் எட்டிப் பார்ப்பவன் கண்ணுக்கு அந்த ஓரடி ஒரு பொருட்டாகவே தோன்றாது.

துலா மிதித்துப் பட்டையால் இறைத்த நாளில் மனிதனின் களைப்பே ஓர் எல்லையாக நின்றது. நீரிறைக்கும் யந்திரத்திற்குக் களைப்பில்லை. யந்திரம் வாங்கக் கடன் எவ்வளவு, எண்ணெய்க்கு மானியம் உண்டா என்னும் வினாக்களுக்குக் குறைவிருக்கவில்லை. ஓர் ஊரின் நிலத்தடி எத்தனை யந்திரங்களைத் தாங்கும் என்று கேட்டவர் மிகச் சிலரே.

அச்சிலருள் வைத்து எண்ணத்தக்கவர் நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம். நிலத்திலிருந்து இன்னும் எவ்வளவு எடுக்கலாம் என்பதைவிட, நிலத்துக்கு எவ்வளவு சேர்க்கலாம் என்பதே அவருடைய 1954ஆம் ஆண்டுத் திட்டத்தின் அடியிற் கிடந்த வினா என நாம் கருதுகிறோம். கனகராயன் ஆறு வந்து விழும் யானையிறவுக் கடல்நீரேரியை நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சிக் கடல்நீரேரிக்கும், அங்கிருந்து உப்பாற்றுக்கும் நீரைக் கொணர்தல் அதன் நோக்கம். அணைகளும் கதவுகளும் பகுதி பகுதியாக எழுந்தன, திட்டம் முற்றுப்பெறவில்லை. ஆட்சியாளர் மாறுந்தோறும் "எப்போது முடியும்?" என்ற வினா எழுகிறது. கட்டிய கதவுகள் மழைக்காலத்தில் ஒழுங்காக மூடித் திறக்கப்படுகின்றனவா, உவர் எவ்வளவு குறைந்தது என்பவை ஆரவாரமற்ற வினாக்களாதலால் மேடையேறுவதில்லை.

மேடைக்கு வராவிட்டாலும் அவை கமக்காரர் கூட்டத்திற்கு வரலாம். மாரிக்கு முன்னும் பின்னும் உங்கள் கிணற்று நீர்மட்டம் என்ன என்று தலைவர் கேட்கட்டும். ஒரு கயிறு, ஒரு கல், ஓர் அப்பியாசப் புத்தகம்: இவ்வளவே வேண்டும். அளந்து எழுதுவதற்குப் புத்தூர்ப் பாடசாலைகளிற் பிள்ளைகள் இருக்கிறார்கள்.