காம்புக் கறியும் கடை முக்காலியும்

வேலையும் மனமும் – 17

போனஸ் கொடுத்துவிட்டால் மட்டும் ஒருவர் மனம் வைத்து வேலை செய்துவிடுவாரா என்ற கேள்வியோடு சென்ற வாரம் நிறுத்தினோம். விடை தேடி இந்த வாரம் திருவண்ணாமலைக்குப் போவோம். போகப்போவது ராஜகோபுரத்துக்கு அல்ல, மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு சமையல்கட்டுக்கு.

1896 செப்டம்பர் 1 அன்று பதினாறு வயதுப் பையனாகத் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தார், பின்னாளில் ரமண மகரிஷி என்று அறியப்பட்ட ரமணர். நெடுங்காலம் பிட்சை உணவும் பக்தர்கள் கொண்டுவந்ததும்தான். 1916-இல் தாய் அழகம்மாள் வந்து தங்கிய பிறகே அவர் வாழ்ந்த மலைமேல் ஒழுங்காக அடுப்பு எரிந்தது. 1922 மே மாதம் தாய் மறைந்தார். அந்த ஆண்டின் இறுதியில் ரமணர் தாயின் சமாதி இருந்த அடிவாரத்துக்கு இறங்கி வந்தார். அங்கே எழுந்ததுதான் இன்றைய ரமணாசிரமம். வருவோர் கூடக் கூடச் சமையல்கட்டும் பெரிதானது. 1930-களில் அங்கே சம்பூர்ணம்மாள், சாந்தம்மாள், சுப்பலட்சுமி அம்மாள் போன்ற பெண்கள் அடுப்படியைத் தாங்கினார்கள்.

அந்தச் சமையல்கட்டுக்கு விடிவதற்கு முன்பே முதல் ஆளாக வந்து நின்றவர் ரமணர்தான். காய் நறுக்கினார், சட்னி அரைத்தார், இலை தைத்தார். பாத்திரத்தை எப்போது மூட வேண்டும், எது எந்தப் பதத்தில் இறங்க வேண்டும் என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார். பந்தியில் தனக்கென்று ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தாலும் அவருக்குப் பொறுக்காது. உடம்புக்கு நல்லது என்று யாராவது லேகியம் கொண்டுவந்தால்கூட எல்லோருக்கும் பங்கிடச் சொல்வார். அக்காலப் பழக்கப்படி உணவுக்கூடத்தில் சாதிவாரியாகத் தடுப்பு இருந்தது. அந்தக் குறையை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் இலையில் விழுந்த பண்டத்தில் அவர் வேறுபாட்டை அனுமதிக்கவில்லை.

சம்பூர்ணம்மாள் சொல்லிவைத்துப் போன ஒரு நிகழ்ச்சி இந்தத் தொடருக்கென்றே நடந்தது போல இருக்கிறது. ஒருமுறை வண்டி நிறையக் கத்தரிக்காய் வந்திறங்கியது. நாள்தோறும் கத்தரிக்காய்ச் சமையல். காய் தீரத் தீர, மூலையில் காம்புகள் மலையாய்க் குவிந்தன. அவற்றையும் சமைக்கச் சொன்னார் ரமணர். மாடுகூடத் தொடாத காம்பை எப்படிச் சமைப்பது என்று திகைத்தாலும், காய்ந்த பட்டாணியோடு சேர்த்து வேகவைத்தார் அந்த அம்மாள். ஆறு மணி நேரம் கொதித்தும் வேகவில்லை. கறி எப்படி வருகிறது என்று ரமணர் வந்து கேட்டபோது, ஆணியை வேகவைப்பது போல இருக்கிறது என்று அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னாராம். ரமணர் கரண்டியால் ஒருமுறை கிளறிவிட்டுப் போனார். சற்று நேரத்தில் காம்புகள் குழைந்தன. பந்தியில் எல்லோரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். என்ன காய் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

ரமணர் மட்டும் தன் பங்கை மருந்து போல ஒரே வாயில் விழுங்கிவிட்டார், மறுபடி வாங்கவில்லை. இவ்வளவு பாடுபட்டும் அவர் ருசித்துச் சாப்பிடவில்லையே என்று அந்த அம்மாளுக்கு மனம் வாடியது. மறுநாள் அதை அறிந்துதான் ரமணர் பேசினார். யார் சாப்பிட்டால் என்ன, அன்போடு நன்றாகச் செய்த வேலைக்கு அந்த வேலையே பலன் என்பது அவர் சொன்னதன் சாரம்.

இங்கே நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். ஏனென்றால் இதே கருத்தை முதலாளி ஒருவர் சொன்னால் பொருள் மாறிவிடுகிறது. ‘சம்பளத்தைப் பார்க்காதே, வேலையைக் காதலி’ என்று ஓவர்டைம் காசு தராதவரும் சொல்லலாம். ரமணர் சொன்னபோது அது ஏன் உறுத்தவில்லை? அவர் அம்மியடியில் நின்று, தானும் அரைத்துவிட்டுச் சொன்னார். மற்றவர் இலையில் விழுந்ததைவிட ஒரு பிடி அதிகம் ஏற்காதவராகச் சொன்னார். வேகாத காம்பைப் பார்க்க அடுப்படி வரைக்கும் வந்தார். அந்த அம்மாளின் மனவாட்டம் அவர் கண்ணில் பட்டது. மேலும், ஆசிரமம் துறவிகளும் பக்தர்களும் கூடிய இடம். பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய ஒருவரிடம் அந்த உபதேசத்தை மட்டும் பிய்த்தெடுத்துக் கொடுப்பது அநியாயம்.

வேலை தரும் நிறைவுக்கும் சம்பளத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டை அமெரிக்க உளவியலாளர் ஃபிரடெரிக் ஹெர்ஸ்பெர்க் வேறு வழியில் கண்டார். பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் விசாரித்து 1959-இல் அவரும் இரு சகாக்களும் ஒரு நூல் வெளியிட்டார்கள். வேலையில் வெறுப்பு வருவதற்குக் காரணமானவையும் விருப்பம் வருவதற்குக் காரணமானவையும் வேறு வேறு என்றார்கள். சம்பளம், மேற்பார்வை, பணியிட வசதி ஆகியவை சரியில்லாவிட்டால் வெறுப்பு வரும். அவை சரியாக இருந்தால் வெறுப்பு நீங்கும், அவ்வளவே. செய்து முடித்த நிறைவு, கிடைக்கும் மதிப்பு, ஒப்படைக்கப்படும் பொறுப்பு ஆகியவைதான் விருப்பத்தைத் தருகின்றன. முதல் தட்டு காலியாக இருக்கும்போது இரண்டாம் தட்டில் எதைப் பரிமாறியும் பயனில்லை என்று இதை நான் புரிந்துகொள்கிறேன்.

முதல் தட்டு எவ்வளவு காலி என்று பார்க்க ஜவுளிக்கடைக்குள் நுழைந்தால் போதும். காலையில் ஷட்டர் தூக்கியது முதல் இரவு இறக்கும் வரை நின்றே தீர வேண்டிய பெண்களை நாம் பார்த்துக்கொண்டேதான் புடவை வாங்குகிறோம். கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள், ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பின் கீழ் திரண்டு முதலில் கழிப்பறைக்கும் பிறகு இருக்கைக்கும் போராடினார்கள். 2018-இல் கேரளம் அதற்காகச் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில், 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்க்க மசோதா கொண்டுவந்து நிறைவேற்றியது. வேலை நேரம் முழுவதும் நின்றே இருக்கும்படி செய்யாமல், வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார எல்லா ஊழியருக்கும் இருக்கை தர வேண்டும் என்பது அதன் சாரம். ஒரு முக்காலிக்குச் சட்டசபை கூட வேண்டியிருந்தது என்பது நம் எல்லோருக்கும் தலைகுனிவு.

திருவண்ணாமலைக்கே திரும்புவோம். அங்கே பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை லட்சக்கணக்கானோர் சுற்றுகிறார்கள். நடப்பவர் களைத்தால் ஒரு திண்ணையில் உட்காரலாம். அவர்களுக்கு விடிய விடிய டீ ஆற்றிக்கொடுப்பவரும், இட்லித் தட்டை இறக்குபவரும், மறுநாள் தெருவைக் கூட்டுபவரும் அந்த இரவில் எங்கே உட்காருகிறார்கள்?

கடையோ பட்டறையோ அலுவலகமோ நடத்தும் வாசகருக்கு என் வேண்டுகோள் இதுதான். ஊழியருக்கு ஊக்கம் தர யாரையாவது அழைத்துப் பேச்சு ஏற்பாடு செய்வதற்கு முன், நாளைக் காலை கடை திறந்ததும் உள்ளே நின்று எண்ணுங்கள்: எத்தனை பேர், எத்தனை முக்காலி? குறைந்தால் அன்றைக்கே வாங்கிப் போடுங்கள். பிறகு அவர்கள் வேலையை ஒரு மணி நேரம் அவர்கள் கூடவே நின்று செய்யுங்கள். வேலையின் அருமையைப் பற்றி அதற்குப் பிறகு நீங்கள் பேசினால் அவர்கள் கேட்பார்கள்.

(தொடரும்)