சத்தம் போடாமல் அறுந்த பெல்ட்!

சானமாவு காட்டோரம், ராத்திரி 9.30 மணிக்குக் கார் நின்றுபோனால் முதலில் யார் ஞாபகம் வரும்? கடவுள் என்பீர்கள். எனக்கு யானைதான் வந்தது. நல்லவேளை, ஞாபகத்தில் மட்டும்!

2 வருஷத்துக்கு முன்னால், ஒரு கார்த்திகை மாசம். கிருஷ்ணகிரியில் மச்சினன் வீட்டு விசேஷத்தை முடித்துக்கொண்டு ஓசூர் திரும்பிக்கொண்டிருந்தோம். செகண்ட் ஹேண்டில் வாங்கி 8 மாசமே ஆன கார். பின் ஸீட்டில் மனைவி, அவள் மடியில் தூங்கும் மகள். ராகி விளையும் அந்த சீஸனில் பன்னார்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டம் சானமாவு காட்டுக்கு வரும். பேரண்டப்பள்ளி அருகே நெடுஞ்சாலையைக் கடக்கும். எங்கள் பக்கத்தில் இது பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த சமாசாரம்.

சூளகிரி தாண்டி, கரெக்டாக அந்த இடத்தில் இன்ஜின் அணைந்தது. புகையில்லை, வெடிச் சத்தமில்லை. கரண்ட் போன வீடு மாதிரி சட்டென்று ஓர் அமைதி. சாவியைத் திருகினால் ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட உற்சாகமாக 'விர்ர்ர்' என்று சுற்றியது. இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை.

"இன்னொரு தடவை போட்டுப் பாருங்களேன்" என்றாள் மனைவி. போட்டேன். மொத்தம் 6 தடவை! (அதற்கான பில் பின்னால் வருகிறது.)

இழுவை வண்டி வர ஒன்றே கால் மணி நேரம் ஆனது. அதுவரை ஒவ்வொரு புதரும் அசைவது போலவே இருந்தது. மகள் விழிக்கவில்லை. மனைவி பேசவில்லை. இதில் எது அதிக பயம் தந்தது என்று கல்யாணமானவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள், சிப்காட் பக்கம் ஒரு மெக்கானிக் மூடியைக் கழற்றி, பல் உதிர்ந்து அறுந்து கிடந்த கறுப்பு ரப்பர் பட்டையை எடுத்துக் காட்டினார்.

"டைமிங் பெல்ட் சார். எப்ப மாத்துனீங்க?"

"வித்தவரே மாத்திட்டேன்னு சொன்னாருண்ணே..."

"பில்லு?"

பி.காம். படித்தவனைப் பார்த்து ஒருவர் கேட்கக் கூடாத கேள்வி! வவுச்சர் இல்லாத செலவை நம்பாதே என்று 3 வருஷம் படித்தவன், வாய்வார்த்தையை நம்பி ஒரு காரையே வாங்கியிருந்தேன்.

அப்படி என்ன வேலை செய்கிறது அந்தப் பட்டை? நம்ம சிப்காட் பேச்சிலர் ரூமை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே கட்டில், இரண்டு பேர். ஒருவர் டே ஷிஃப்டு, இன்னொருவர் நைட் ஷிஃப்டு. அவர் எழுந்து போனதும் இவர் வந்து படுப்பார். பல இன்ஜின்களில் பிஸ்டனும் வால்வும் இப்படித்தான் ஒரே இடத்தை நேரம் மாற்றிப் பங்கு போட்டுக்கொள்கின்றன. கிராங்க் 2 சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் 1 சுற்று. நிமிஷத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு வால்வும் செகண்டுக்கு 25 தடவை திறந்து மூடும். இந்த ஷிஃப்டு கணக்கைக் காப்பாற்றுவதுதான் டைமிங் பெல்ட். அது அறுந்தால் வால்வு கட்டிலைவிட்டு எழுந்திருக்காது. பிஸ்டனோ டூட்டி முடிந்து நேரே வந்து மோதும். வால்வு வளையும்!

"அறுந்தப்பவே ரெண்டு வால்வோட போயிருக்கலாம். நீங்க விடாம ஸ்டார்ட் பண்ணி மிச்சத்தையும் வளைச்சுட்டீங்க" என்றார். பெல்ட் மாற்ற அவர் சொன்ன ரேட் 5,000. நான் கட்டிய பில் 38,000.

"செயின் வெச்ச காரா வாங்கியிருக்கணும்ணே!" என்று பெருமூச்சு விட்டேன். அவர் சிரித்தார்.

உண்மையில் பழைய ஆள் செயின்தான். அம்பாஸடர், பத்மினி எல்லாமே செயின் வண்டிகள். 1962-ல் ஜெர்மனியின் கிளாஸ் 1004 கார் ரப்பர் பெல்ட்டோடு வந்தது. சத்தம் குறைவு, எடை குறைவு, செலவும் குறைவு என்பதால் கம்பெனிகளுக்குப் பிடித்துப்போனது. 1983-ல் வந்த மாருதி 800-லும் பெல்ட்தான். பிறகு காற்று திசை மாறியது. அதே மாருதி 2008-ல் ஏ-ஸ்டாரில் கொண்டுவந்த கே-சீரிஸ் இன்ஜின் செயினுக்குத் திரும்பியது.

அதற்காக செயினுக்குச் சாவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அது இன்ஜின் ஆயிலில் குளித்துக்கொண்டே ஓடுகிறது. ஆயில் மாற்றாமல் இழுத்தடித்தால் தேய்ந்து நீளும். இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் தளரும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'கடகட' என்று புலம்பும். அப்போதும் கவனிக்காமல் ஓட்டினால் பல் தாவி அதே வால்வுகளை வளைத்துவிடும். மாற்றும் செலவும் பெல்ட்டைவிட அதிகம்.

"செயின் சண்டைக்காரப் பொண்டாட்டி மாதிரி சார். கத்திச் சொல்லிடும். பெல்ட் பேசாம இருந்துட்டு ஒருநாள் கிளம்பிடும்" என்றார் அண்ணன். முந்தின ராத்திரி அமைதி ஞாபகம் வந்து எனக்கு வயிற்றைக் கலக்கியது.

கணக்குப்பிள்ளை பாஷையில் சொன்னால், பெல்ட் என்பது கெடு தேதி போட்ட கடன். வண்டிக்கு வண்டி கெடு மாறும். பல கார்களுக்கு 60,000-லிருந்து 1,00,000 கிலோமீட்டருக்குள், அல்லது குறிப்பிட்ட வருஷக் கணக்கு, இதில் எது முந்துகிறதோ அது. ஓட்டாமல் நிறுத்தி வைத்தாலும் ரப்பருக்கு வயசாகும். கையேட்டில் உங்கள் வண்டியின் கெடுவைப் பாருங்கள். பழைய கார் வாங்கினால், பில் இல்லாத பெல்ட்டை மாற்றாத பெல்ட்டாகவே எழுதிக்கொள்ளுங்கள். ஓடும்போது சத்தமின்றி அணைந்து, ஸ்டார்ட்டர் மட்டும் லேசாகச் சுற்றினால், சாவியைத் தொடாதீர்கள். இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

இப்போது என் இன்ஜின் மேல் பெல்ட் மாற்றிய தேதியும் கிலோமீட்டரும் எழுதிய ஸ்டிக்கர் இருக்கிறது. பில், பீரோவில் கல்யாண ஆல்பத்துக்குக் கீழே பத்திரம். இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் சூளகிரி தாண்டியதும் பின் ஸீட்டிலிருந்து ஒரு குரல் கேட்கும்.

"பில்லு இருக்குல்ல?"