401-உம் 403-உம்

மன்னார் தீவின் தென்கரையில் நிற்கும் தம்பபவனியின் 30 காற்றாலைகளைப் பேசாலை, தலைமன்னார்ப் பக்கத்தில் அறியாதவர் இல்லை. 2020 டிசம்பரில் இலங்கை மின்சார சபை திறந்த, 103.5 மெகாவொட் திறனுள்ள நிலையம் அது. இத்தகைய காற்றாலைகள் காற்றின் வேகம், திசை, உற்பத்தியாகும் மின்சாரம் என்று ஓயாமல் எண்களைக் கொட்டுகின்றன. அவ்வளவையும் கிளவுடில் சேர்த்து அறிக்கையாக்க இரவெல்லாம் விழித்திருக்க ஆளில்லை. எங்கும் இன்று அதைச் செயலிகளே செய்கின்றன. பவர் பி.ஐ. போன்ற அறிக்கைச் சேவை 401, 403 என்ற பிழை எண்ணைக் காட்டி அந்தச் செயலியைத் திருப்பி அனுப்பும்போதுதான் தலைவலி தொடங்குகிறது.

போர்க்காலத்தில் மன்னார் மீனவருக்கு அடையாள அட்டை மட்டும் போதவில்லை. கடலுக்குப் போகக் கடற்படையின் பாஸும் வேண்டியிருந்தது. செயலிக்கும் இதே இரண்டு சோதனைதான். 401 என்றால் அடையாளம் இல்லை, அல்லது செல்லுபடியாகவில்லை. 403 என்றால் ஆள் தெரிகிறது, பாஸ் இல்லை. எல்லாச் சேவைகளும் இந்த வேறுபாட்டை ஒழுங்காகக் காப்பதில்லை. எண்ணோடு வரும் செய்தியையும் வாசிக்க வேண்டும்.

பவர் பி.ஐ.யில் பாஸ் கொடுப்பவர் இருவர். செயலிகள் நுழையலாம் என்று நிறுவனத்தின் நிர்வாகி முதலில் திறந்துவிட வேண்டும். பிறகு, அறிக்கைகள் இருக்கும் வொர்க்ஸ்பேஸின் பொறுப்பாளர் அந்தச் செயலியை அதில் உறுப்பினராகச் சேர்க்க வேண்டும். அனுமதி கொடுத்த கையோடு, செயலியின் நுழைவுச் சீட்டான டோக்கனில் பழையதை வைத்துச் சோதித்தால் பலன் தெரியாமல் போகலாம். டோக்கன் வழக்கமாக 60 முதல் 90 நிமிடம் வாழும். புதிதாக ஒன்றை வாங்கிப் பார்ப்பதே சரி.

வியப்பான இடம் ஒன்று உண்டு. நிர்வாகத் தகவல்களை வாசிக்க மட்டும் வரும் செயலிக்கு, நிர்வாகி ஒப்புதல் தேவைப்படும் பவர் பி.ஐ. அனுமதி எதுவும், செயலியைப் பதிவுசெய்யும் அஸூர் போர்ட்டலில் சேர்க்கப்பட்டிருக்கக் கூடாது. சேர்த்திருந்தால் அழைப்பே மறுக்கப்படும்! கூடுதலாகக் கொடுத்த அனுமதியே கதவை அடைக்கிறது. பிழை வந்தவுடன் பட்டியலில் உள்ள பெட்டி எல்லாவற்றிலும் சரி போடுகிறவர் பலர். அவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். மாட்டாத இடங்களில் நிலைமை இன்னும் மோசம்: அறிக்கை வாசிக்க வந்த செயலி, அழிக்கும் உரிமையோடு உலவுகிறது.

செயலியின் இரகசியச் சாவியும் இப்படித்தான் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பி மறந்துவிடுகிறார்கள். உருவாக்கியவர் வேறு வேலைக்குப் போய்விடுகிறார். போர்ட்டலில் உருவாக்கும் சாவியின் ஆயுள் அதிகபட்சம் 24 மாதம். அது காலாவதியானால் அறிக்கை நின்றுபோனதே முதலில் கண்ணில் படலாம். பிழைப் பதிவேட்டில் AADSTS7000222 என்ற பிழைக் குறியீட்டைத் தேடினால் காரணம் தெரியும். ஒரே செயலிக்கு இரண்டு சாவிகள் வைத்துக்கொள்ளலாம். பழையது முடியுமுன் புதியதை உருவாக்கி, செயலி அதோடு ஓடுவதைப் பார்த்த பிறகு பழையதை நீக்கினால் அறிக்கை ஓர் இரவும் நிற்காது.